வெளியூர் வௌவால்

“உன் வீட்டு வௌவால் என் கொய்யாவைத் தின்னே கொழுத்துப் போச்சு அம்மிணி, கூப்பிட்டுக் கண்டிச்சு வை.”

இதுதான் விசாலம் சொன்னது. நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். கூப்பிட்டுக் கண்டிச்சு வை! நான் என்ன, முந்நூறு வௌவாலுக்கு ஹாஸ்டல் வார்டனா? சாயங்காலம் ஆறேமுக்காலுக்கு எல்லாவற்றையும் வரிசையில் நிற்க வைத்து, ‘பிள்ளைகளே, விசாலம் பெரியம்மா தோட்டத்துப் பக்கம் யாரும் போகக்கூடாது, போனால் நாளைக்கு முட்டி போட வைப்பேன்’ என்று சொல்லி அனுப்ப வேண்டுமா?

சிரிக்காதே தமயந்தி. முதலில் அந்த லேப்டாப்பை மூடு. மூடு என்கிறேன். அது எங்கேயும் பறந்து போகாது. மணி இப்போதுதான் நாலு. மூத்தார் ஐந்து மணிக்குத்தான் வருவார், விசாலமும் கூடவே வருவாள், அப்போது வௌவால் பறக்கிற வழியெல்லாம் போட்ட உன் வரைபடத்தை விரித்துக் காட்டலாம். அதற்கு முன்னால் உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டும். மூன்று வாரமாக என் வீட்டு மாடி அறையில் தங்கியிருக்கிறாய். நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டிருக்கிறாய். வௌவாலைப் பற்றி இத்தனை தெரிந்துவைத்திருக்கிற பிள்ளைக்கு இந்த வீட்டைப் பற்றியும் கொஞ்சம் தெரிய வேண்டாமா? ரொட்டி எடுத்துக்கொள். ஜெல்லியை நன்றாகத் தடவு. புண்ணுக்கு மருந்து போடுகிற மாதிரித் தடவினால் என்ன ருசி தெரியும்?

விசாலம் எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் அண்ணன், அதுதான் மூத்தார், அவர் பெண்டாட்டி. பத்தொன்பது வருஷம் ஒரே அடுப்பு, ஒரே அம்மிக்கல், ஒரே டிவி. சண்டை போடாத நாள் கிடையாது, ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து மாமியாரைச் சமாளித்ததில் ஒரு ஒற்றுமை இருந்தது. மாமியார் போனதும் அந்த ஒற்றுமையும் போயிற்று. ஆறு வருஷத்துக்கு முன்னால் பாகம் பிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் பேச்சுவார்த்தையெல்லாம் கிடையாது. பிள்ளையார் முன்னால் சீட்டுப் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வந்தது வந்ததுதான், மறுபேச்சு கிடையாது. கொய்யாத் தோப்பு மூத்தாருக்கு வந்தது. இந்த வீடும் பின்னால் மக்காச்சோளக் காடும் எங்களுக்கு வந்தன.

கொய்யாத் தோப்பு அவர்களுக்கு! யார் வைத்த தோப்பு தெரியுமா? லக்னோ கொய்யா, நாற்பத்தெட்டுக் கன்று, பண்ணையில் வெயிலில் வரிசையில் நின்று வாங்கி வந்தவள் நான். அந்த வருஷம் ஆடி முழுக்கச் சொட்டு மழை இல்லை, போர்வெல் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. குடத்தில் தண்ணீர் சுமந்து ஒவ்வொரு கன்றுக்கும் ஊற்றியவள் நான். மலைமேல் கான்வென்டில் படித்தவள், இங்கிலீஷில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள், இடுப்பில் குடத்தோடு வரப்பில் நடந்தேன். விசாலம் அப்போது முட்டி வலி என்று கட்டிலில் கிடந்தாள். நாற்பத்தெட்டில் நாற்பத்தேழு பிழைத்தது. செத்த அந்த ஒன்று விசாலம் எழுந்து வந்து பார்த்த அன்றைக்குத்தான் செத்தது. அதை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் புறம் பேசுகிற பழக்கம் கிடையாது.

சரி, உன் வௌவால் தொங்குகிற மரத்துக்கு வருகிறேன். நீ அவசரப்படாதே, அவசரப்படுவதற்கு இந்த வீட்டில் நான் ஒருத்தி போதும்.

இந்த மருதமரம் சரியாக எல்லையில் நிற்கிறது. வேர் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. அதனால் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு வரி எழுதினார்கள்: ‘மேற்படி மருதமரம் இரு பங்குதாரர்களுக்கும் பொது. மேற்படி மரத்தால் யாதொரு பங்குக்கும் சேதம் நேரிட்டால், சேதப்பட்ட பங்குதாரர் அதை வெட்டி அப்புறப்படுத்தப் பாத்தியப்பட்டவர்.’ எழுதிய வக்கீலுக்கு மழையில் கிளை முறிந்து ஓட்டின் மேல் விழுவதுதான் மனதில் இருந்திருக்கும். வௌவால் மனதில் இருந்திருக்காது.

வௌவால் மேல் எனக்கு ஆசை பாசம் ஒன்றும் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாற்றம். கொடியில் துணி காயப்போட முடியாது. பகல் முழுக்கக் கீச்சுக் கீச்சென்று சண்டை. ஆனால் நீயே பார்த்திருக்கிறாய், இவர், என் வீட்டுக்காரர், ஒன்பது மணிக்குக் கூட்டுறவுச் சங்க வேலைக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவார். பெண் கனடாவில், அவள் எழுந்திருக்கிற நேரத்தில் நான் படுக்கப் போகிறேன். மத்தியானம் இந்தத் தெருவில் சத்தம் போட்டுப் பேசுகிறவர்கள் அந்த மரத்தில் தொங்குகிறவர்கள்தான். அவர்களையும் வெட்டிவிட்டால் மிக்ஸியைத்தான் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

பேர் வைத்தது சும்மா, அடையாளத்துக்கு. எங்கே பறக்கிறது என்று காட்டுகிற பட்டையை நீ ஐந்தின் கழுத்தில் கட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டாய். எனக்கு நம்பர் நினைவில் நிற்காது. கறுப்புச் சிறகைப் போர்த்திக்கொண்டு உச்சிக் கிளையில் தனியாகத் தொங்கி எல்லாரையும் கண்காணிக்கிறதே, அது மதர் சுப்பீரியர். வெயில் ஏறினதும் சிறகை விசிறி விசிறிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் காற்று வருகிற மாதிரி ஆட்டுகிறதே, அது சிஸ்டர் அகத்தா, பாவம், பள்ளிக்கூடத்திலும் அவர் அப்படித்தான். எழுந்ததும் முதல் ஆளாகப் பறந்து எல்லாரையும் விரட்டுகிறது பி.டி. மிஸ். கீழ்க்கிளையில் ஒரு தடியன், யார் பக்கத்தில் வந்தாலும் கடிக்கிறானே, அவன் எங்கள் கான்வென்ட் வாட்ச்மேன் ஜெகநாதன். ஐந்தாவதாக நீ பட்டை கட்டினது மூன்றாம் நாளே அதைக் குளத்தங்கரையில் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிற்றே, அதற்குப் பேர் வைக்கவில்லை. என் வகுப்பில் அப்படி ஒருத்தி இருந்தாள், ஆனால் அவள் பேரைச் சொல்லமாட்டேன்.

இன்னொரு ஸ்பூன் போட்டுக்கொள். நீ முதல் நாள் வந்ததும் கேட்டாயே, “ஆன்ட்டி, இவ்ளோ ஜெல்லி செய்யறீங்களே, உங்க கொய்யா மரம் எங்க இருக்கு?” என்று. நான் குக்கர் விசில் வந்துவிட்டது என்று உள்ளே போனேன். நீயும் விட்டுவிட்டாய். படித்த பிள்ளைகளிடம் அதுதான் நல்ல குணம்.

கொய்யா ஜெல்லி செய்வது கான்வென்டில் சிஸ்டர் பெனடிக்டா சொல்லிக்கொடுத்தது. அரைப்பழமாக இருக்க வேண்டும், முழுக்கக் கனிந்தால் உறையாது. துண்டு போட்டு, தண்ணீர் மூழ்க வேகவைத்து, மெல்லிசுத் துணியில் மூட்டை கட்டிக் கொக்கியில் தொங்கவிட வேண்டும். அதுவாகச் சொட்ட வேண்டும். பிழியக்கூடாது. ஒரு பிழி பிழிந்தால் போதும், கலங்கிவிடும், கண்ணாடி மாதிரி வராது. என் வாழ்க்கையில் நான் பொறுமையாக இருக்கிற ஒரே இடம் அந்தத் துணி மூட்டைக்குக் கீழே. ஊரெல்லாம் இந்த ஜெல்லிக்கு அலைகிறது. சங்கத்தில் கணக்கர், கோயில் குருக்கள், பெண்ணின் பழைய டீச்சர், எல்லாருக்கும் பாட்டில் போகிறது. விசாலத்துக்கும் போகிறது. அவள்தான் அதிகம் தின்கிறவள். போன வருஷம் தோசைக்குத் தொட்டுத் தின்றாளாம். “உன் கைக்கு என்னமோ இருக்கு அம்மிணி, எங்க பழத்தைவிட ருசியா இருக்கு” என்றாள். நான் இன்னொரு பாட்டில் எடுத்துக் கொடுத்தேன். புகழ்ச்சியை மறுத்துப் பேசுவது பண்பில்லை.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? மாரல் சயின்ஸில் எனக்குத் தொண்ணூற்றாறு. திருடுவது என்றால் பிறர் பொருளை எடுப்பது. பிறர் பொருள்! நான் சுமந்த தண்ணீர் அந்த மரத்துக்குள் இல்லாமல் எங்கே போயிற்று? சீட்டுப் போட்டது மண்ணுக்கு. தண்ணீருக்கு யாரும் சீட்டுப் போடவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் நான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுக்கிறேன், கொய்யா வடிவத்தில். அதுவும் எப்போது, எல்லாரும் தூங்குகிற நேரத்தில் சுவரேறிக் குதித்தா? பட்டப்பகல் இரண்டு மணிக்கு, விசாலம் சீரியல் பார்க்கிற நேரத்தில், தலை நிமிர்ந்து போகிறேன். வேலியில் ஒரு சந்து இருக்கிறது, ஆறு வருஷமாக யாரும் அடைக்கவில்லை. ஒரு மாசமாக அங்கே ஒரு மர ஸ்டூல் வேறு கிடக்கிறது, எந்த மறதிக்காரர் விட்டுவிட்டுப் போனாரோ, எனக்கு வசதியாகப் போயிற்று. பறவையை விரட்ட மூத்தார் தகர டப்பாவும் பழைய டேப் நாடாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். முதலில் அந்தச் சத்தம் கேட்டாலே வேலிக்குத் திரும்பிவிடுவேன். இப்போது பழகிவிட்டது.

இதெல்லாம் அப்படியே போயிருக்கும். வைகாசியில்தான் விசாலம் பழத்தை எண்ண ஆரம்பித்தாள். எண்ணி என்ன செய்தாள் தெரியுமா? களை எடுக்க வருகிற வீராயியைப் பிடித்தாள். “கூடையைக் காட்டு, முந்தானையை உதறு” என்று. வீராயி அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். “பதினாலு வருசமா வர்றேன் சின்னம்மா, ஒரு பழம் தொட்டதில்ல. நாளையிலிருந்து வரவேணாம்னு பெரியவரு சொல்லிட்டாரு” என்றாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பாவமும் அறியாதவளுக்கு வேலை போகிறது என்றால் யாருக்கு இறங்கும்? ஏதாவது செய்தாக வேண்டும். மனசாட்சி உள்ளவள் நான்.

அதனால் மரத்தடியில் கிடந்த வௌவால் சக்கையை ஒரு முறம் அள்ளினேன். அதுதான், பழத்தை மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுத் துப்புகிறதே, சப்பையாக, வில்லை மாதிரி. அள்ளிக்கொண்டு போய் அவர்கள் கொய்யா மரத்தடியில் தூவினேன். நன்றாக, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி இடைவெளி விட்டு. மறுநாள் விசாலம் பார்த்தாள், மூத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினாள், வீராயி வேலைக்குத் திரும்பிவிட்டாள். வௌவாலை யாரும் வேலையை விட்டு நிறுத்த முடியாது, அதன் முந்தானையை உதறச் சொல்ல முடியாது. யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூத்தார் அதுவரை வாழ்க்கையில் ஒரு புத்தகம் திறந்ததில்லை. அன்றைக்குப் போய்ப் பத்திரத்தைத் திறந்தார். ‘யாதொரு பங்குக்கும் சேதம் நேரிட்டால்.’ இரண்டு நாளில் மரம் வெட்டுகிற ஆள் வந்து கயிறு போட்டு அடிமரத்தைச் சுற்றளவு எடுத்துவிட்டுப் போனான். மேலே முந்நூறு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் அகத்தா மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. என்னைப் பார்த்தது தமயந்தி. உனக்கு நம்பிக்கை இல்லாவிட்டால் போ.

அன்றைக்குச் சாயங்காலம்தான் விசாலம் வேலியோரம் வந்து, நான் முதலில் சொன்னேனே, அதைச் சொன்னாள். கூப்பிட்டுக் கண்டிச்சு வையாம். நான் விடவில்லை. “என் வௌவால் உங்க கொய்யாவைத் திங்குதுன்னு எவ சொன்னா? அதுக எல்லாம் தூர தேசத்துல போய்ச் சாப்பிடற ஜாதி. நிரூபிக்கறேன் பாருங்க” என்றேன். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னது. விசாலம் வேலிச் சந்தை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம், “சரி, மரத்தை வெட்டின பின்னாலயும் பழம் காணாமப் போச்சுன்னா என்ன பண்றது ரத்னா?” என்றாள். இப்படி ஒரு அசட்டுக் கேள்வி. “அப்ப வேற ஊர் வௌவால்னு அர்த்தம்” என்றேன். “ஓ” என்றாள். போய்விட்டாள். அவளுக்கு எப்போதுமே புத்தி கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும்.

உன் நம்பர் இவர் மூலமாகத்தான் கிடைத்தது. சங்கத்துக்கு வந்து, விவசாய நிலத்தில் வௌவால் எங்கெங்கே போய் இரை தேடுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறேன், மரம் வைத்திருப்பவர்கள் உதவ வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தாயே. நான்தான் போன் செய்தேன். “எங்க வீட்டுல முந்நூறு இருக்கு, எத்தனை வேணும்?” என்று கேட்டேன். நீ வனத்துறை அனுமதிக் கடிதம், வலை, தராசு, கையுறை என்று ஒரு ஜீப் சாமானோடு வந்து இறங்கினாய். மூத்தாரிடம் நான்தான் சொன்னேன்: “மூணு வாரம் பொறுங்க மாமா. சயின்ஸ் சொல்லட்டும். சயின்ஸ் என்ன சொல்லுதோ அதுக்கு நான் கட்டுப்படறேன்.” எல்லார் முன்னாலும் சொன்னேன். மரம் வெட்டுகிறவனை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். இன்றைக்குப் புதன்.

நேற்று நீ படத்தைக் காட்டினபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? பெண் பத்தாம் வகுப்பில் மார்க் வாங்கி வந்தபோதுகூட அப்படி இல்லை. நீ விரலை வைத்து வைத்துச் சொன்னாய். மதர் சுப்பீரியர் ஆறு ஐம்பதுக்குக் கிளம்பி, நேராக மேற்கே, முப்பத்தொரு கிலோமீட்டர், மலையடிவாரத்து ஓடைக்கரை அத்தி மரத்துக்குப் போகிறது. வழியில் நெல் வயல், கரும்புக் காடு, ரைஸ் மில் எதையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. முப்பத்தொரு கிலோமீட்டர்! நான் பழனிக்குப் போக இவரிடம் நாலு நாள் கெஞ்ச வேண்டும். சிஸ்டர் அகத்தா குளத்தில் தாழப் பறந்து வயிற்றை நனைத்து, மேலே ஏறி, அந்த ஈரத்தை நக்கிக் குடித்துவிட்டு, டவுன் பஸ் ஸ்டாண்டு வாதாமரத்தில் போய் உட்காருகிறது. அங்கே அத்தனை ஹார்ன் சத்தம், டீக்கடை வெளிச்சம், அதற்கு ஒன்றும் இல்லை. பி.டி. மிஸ் மெயின் ரோட்டு வேப்பமரங்களை ஒவ்வொன்றாக, தினம் அதே வரிசையில், வேப்பம்பழம் தின்றுகொண்டே போய்த் திரும்புகிறது, டவுன் பஸ் மாதிரி. ஜெகநாதன் மட்டும் மூன்று கிலோமீட்டர் தாண்டவில்லை. கோயிலுக்குப் பின்னால் இலுப்பையில் உட்கார்ந்து பொழுது விடிகிறவரை மற்ற வௌவாலோடு அடிதடி. எங்கள் கான்வென்ட் ஜெகநாதனும் கேட்டைத் தாண்ட மாட்டான்.

“உங்க ஓரகத்தி தோட்டத்து மேலதான் ஆன்ட்டி நாலும் பறக்குது, ஆனா ஒண்ணுகூட இறங்கல. டப்பா, நாடாவெல்லாம் கட்டியிருக்காங்க இல்ல, ஒதுங்கிப் போகுது. மூணு வாரத்துல ஒரு தடவைகூட அங்க நிக்கல” என்றாய். அதோடு நிறுத்தாமல், அது துப்புகிற விதை காட்டுக்குக் காடு முளைக்கிறது, இந்தப் பக்கத்து அத்தியும் இலுப்பையும் பாதி அதுகள் போட்ட விதைதான் என்றாய். எனக்கு எழுந்து கை தட்டலாம் போல இருந்தது. விசாலத்தின் முகத்தை நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

இன்றைக்குக் காலையில் இட்லி தின்றுகொண்டே இன்னொன்றும் சொன்னாய்.

ஏனம்மா, உன்னை வௌவாலைத்தானே எண்ணச் சொன்னேன்? பழத்தை யார் எண்ணச் சொன்னார்கள்? முப்பது பழத்துக்குக் காம்பில் சிவப்பு நூல் கட்டினாயாம். காலையில் ஆறு மணிக்கு எண்ணினாயாம், சாயங்காலம் ஆறு மணிக்கு எண்ணினாயாம். பழம் இரவில் குறையவே இல்லையாம், பகலில்தான் குறைகிறதாம். “வௌவால் பகல்ல தூங்குது ஆன்ட்டி” என்கிறாய், எனக்குத் தெரியாத மாதிரி! நான் அந்தச் சிவப்பு நூலைப் பார்த்தேன், விசாலம் ஏதோ நேர்ந்து கட்டியிருக்கிறாள் என்று நினைத்து, பக்தியோடு அவிழ்த்து அந்த மரத்திலேயே முடிந்துவிட்டுத்தான் பறித்தேன். சக்கையையும் ஆராய்ந்தாயாம். கொய்யா மரத்தடியில் கிடந்த சக்கையில் கொய்யா விதை ஒன்றுகூட இல்லையாம், எல்லாம் அத்தி விதையும் வேப்பந்தோலுமாம். “அத்தியை மென்னுக்கிட்டே இங்க வந்து எதுக்கு ஆன்ட்டி துப்பணும்?” என்று கேட்டாய். ஏன், கல்யாண வீட்டில் தின்றுவிட்டு வீட்டு வாசலில் வெற்றிலை துப்புகிறவர்களை நீ பார்த்ததில்லையா?

அப்புறம் கேட்டாய். எவ்வளவு மெதுவாகக் கேட்டாய்! “அப்ப யார் ஆன்ட்டி எடுக்கறாங்க?” நான் இட்லிப் பானையைப் பார்த்தேன். நீ அலமாரியில் இருந்த ஜெல்லி பாட்டில்களைப் பார்த்தாய். பதினேழு பாட்டில். அடுக்கி வைத்தது என் தப்பு.

“நீங்களே சொல்லிடுங்க ஆன்ட்டி” என்றாய். எவ்வளவு சுலபம்! நீ நாளைக்கு ஜீப்பில் ஏறிப் போய்விடுவாய். நான் தினம் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் ஒன்றும் திட்டமாட்டாள் தெரியுமா? திட்டினால்கூடப் பரவாயில்லை, எனக்குப் பதில் பேசத் தெரியும். சிரிப்பாள். “அடிப்பாவி, கேட்டிருந்தாக் குடுத்திருப்பேனே” என்பாள். கேட்டிருந்தால்! நான் வைத்த மரத்துப் பழத்தை நான் கேட்க வேண்டும், அவள் கொடுக்க வேண்டும், நான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு மரமே இல்லாமல் இருக்கலாம்.

இல்லை. இல்லை, மரம் இல்லாமல் இருக்கக்கூடாது. அதை நான் சொல்லவில்லை, அதை எழுதிக்கொள்ளாதே.

இப்போது கணக்குப் போட்டுப் பார். உன் படத்தைக் காட்டினால் மரம் பிழைக்கும். ஆனால் நீ ஒழுங்கான பிள்ளை, எண்ணிக்கையையும் சேர்த்துக் காட்டுவாய். மூத்தார் ஒரு நிமிஷம் யோசிப்பார், வீராயியைக் கூப்பிடுவார். அது கூடாது, அவள் முந்தானையை இனி எவரும் உதறக்கூடாது. அப்புறம் நான் எழுந்து நின்றாக வேண்டும். படத்தையே காட்டாவிட்டால் வெள்ளிக்கிழமை கோடரி. மத்தியானம் முழுக்க இதைத்தான் யோசித்தேன். இரண்டு மணிக்கு வெளியே போகக்கூட இல்லை, நீயே பார்த்தாய். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். நீதான் கண்டுபிடித்துக் கொடுத்தாய் என்றுகூடச் சொல்லலாம்.

என் வௌவால் முப்பத்தொரு கிலோமீட்டர் போய் அடுத்தவர் ஊர் அத்தியைத் தின்கிறது. அப்படியானால் அடுத்தவர் ஊர் வௌவால் இங்கே வராதா? அதற்கு மட்டும் வீட்டுச் சாப்பாடா? மலைக்கு அந்தப் பக்கம் மரம் இல்லையா, அதில் தொங்குகிறவர்கள் இல்லையா? அதில் ஒன்று, ஒரே ஒன்று, ஊர் பேர் தெரியாதது, பட்டை கட்டாதது, மேற்கேயிருந்து வந்து, டப்பா சத்தத்துக்குப் பயப்படாமல், விசாலத்தின் தோப்பில் இறங்கி, தின்றுவிட்டுப் போகிறது. அதை நான் என்ன செய்ய முடியும், என் வீட்டு வௌவாலா அது? மரத்துக்கும் குற்றமில்லை, வீராயிக்கும் குற்றமில்லை, எவருக்கும் குற்றமில்லை. பகலில் வருகிறதா? வரட்டும். வெளியூர்க்காரர்களுக்கு நேரம் காலம் தெரியாது.

கேட் சத்தம் கேட்கிறது பார். மணி நாலே முக்கால்கூட ஆகவில்லை, அவளுக்கு எப்போதும் முன்னாலேயே வந்து நிற்க வேண்டும்.

“ரத்னா! உள்ளாறதான் இருக்கியா? அவரு பத்திரத்தை எடுத்துக்கிட்டுப் பின்னால வர்றாரு. ஜெல்லி தீந்துபோச்சு அம்மிணி, இந்தா பாட்டிலு. இந்தத் தடவ சக்கரையைக் கொஞ்சம் கொறச்சுப் போடு. அப்பறம் அந்தக் கடைசி வரிசையில, வேலியோரம், கைக்கு எட்டற மாதிரி ஏழெட்டு அரைப்பழமா நிக்குது. நாளைக்கு விட்டாக் கனிஞ்சிரும், உறையாது.”

“வாங்கக்கா, உட்காருங்க, செருப்பை அங்கேயே விடுங்க!”

கேட்டாயா? எந்த நேரத்தில் எதைப் பேசுவது என்று ஒரு விவஸ்தை கிடையாது. அவள் மரத்தில் பழம் எட்டுகிற உயரத்தில் நின்றால் எனக்கு என்ன, எட்டாத உயரத்தில் நின்றால் எனக்கு என்ன?

செருப்பைக் கழற்றுகிறாள். அந்த வார் அவளுக்குச் சீக்கிரம் அவிழாது. சரி, லேப்டாப்பை இப்போது திற. மேற்கே மலை இருக்கிறது பார், அங்கேயிருந்து. பெரிதாக வேண்டாம், மெல்லிசாகப் போதும். ஒரே ஒரு கோடு. வேறு கலரில். தமயந்தி, கண்ணு, போட்டுவிடேன்.

தமயந்தி?